புதன்கிழமைப் பத்தியக்கறி

பத்தியக்கறியைச் சாப்பாட்டுக்கடை வாசலில் எழுதிப்போட்டு விற்பார்கள் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு அது கடைச் சாப்பாடு அல்ல. பிள்ளை பெற்றவளுக்கு என்று மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு என்கிற சுக்கு, மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்து, உள்ளி தட்டிப் போட்டு, சின்ன மீனோடு மிளகாய் இல்லாமல் வைக்கிற கறி. பெயர்தான் பெற்றவளுக்கு. மணம் எழும்பினால் வீட்டில் உள்ள எல்லோரும் ஏதோ ஒரு சாட்டோடு குசினிக்குள் வந்து நிற்பார்கள். எனக்கு அந்தக் கறியில் சின்ன வயதிலிருந்தே ஒரு பைத்தியம். யார் வயிற்றோடு திரிகிறார்கள் என்று பார்த்து, அந்த வீட்டுப் பிள்ளைகளோடு முன்கூட்டியே சினேகம் பிடித்து வைத்திருந்த ஆள் நான். கறி முடிந்த சட்டிக்குள் சோற்றைப் போட்டுப் பிரட்டி ஒரு கவளம் தந்தால் போதும், ஒரு வாரத்துக்கு அவர்கள் சொன்ன வேலையெல்லாம் செய்வேன்.

அந்தக் கறியைத்தான் லண்டன் மனோர் பார்க்கில், முருகன் கோவிலுக்குப் போகிற வழியில், கொத்துரொட்டிக்கும் மட்டன் ரோல்ஸுக்கும் நடுவில் ஒரு பலகையில் சோக்கட்டியால் எழுதி வைத்திருந்தார்கள். புதன் ஸ்பெஷலாம். மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் எனக்குப் பசி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். பலகையைக் காலால் உதைத்து விழுத்தினால் என்ன என்று நினைக்கிற அளவுக்குக் கோபம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்குச் சில வாரங்களுக்கு முன் நான் ஒரு பிள்ளை பெற்றேன். முழுமாதப் பிள்ளை, பெண் பிள்ளை. செத்துப் பிறந்தாள். ஸ்கானில் ஒழுங்காகத் துடித்த இதயம் ஏன் நின்றது என்று டொக்டர்மாருக்கும் தெரியவில்லை. இதை இப்படி நேராக எழுதுவதே எனக்குப் புதிது. எங்கள் வீட்டில் ஒருவரும் இந்த வசனத்தைச் சொன்னதில்லை. "உது நடந்தாப் பிறகு" என்பார்கள். "ஆஸ்பத்திரியால வந்தாப் பிறகு" என்பார்கள். அப்பெண்டிக்ஸ் வெட்டிக்கொண்டு வந்தவளைப் பற்றிப் பேசுவது போல.

ஆஸ்பத்திரியில் மிட்வைஃப் அவளைத் துடைத்து, ஒரு கம்பளித் தொப்பி போட்டு, என் கையில் தந்தார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்றார். வைத்திருந்தேன். என் கணவர் கதவுக்கு வெளியே நின்றார். மாமி, அதாவது அவருடைய அம்மா, போனில் சொல்லியிருந்தாராம்: "தம்பி, முகத்தைப் பாத்திடாதை. பாத்தா மறக்கேலாது." மிட்வைஃப் திரும்பத் திரும்பப் போய்க் கூப்பிட்டார். இவர் தலையை ஆட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாராம். அடக்கம் நடந்தபோது மூடின பெட்டியைத்தான் கண்டார். ஆகவே அந்தப் பிள்ளையின் முகத்தைக் கண்ட ஒரே சொந்தக்காரி நான்.

மறக்க வேண்டும் என்பதுதான் மாமியின் முழு வைத்தியமும். பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுக்கு நான் திரும்பி வந்தபோது தொட்டில் இல்லை. தோய்த்து மடித்து வைத்த குட்டிச் சட்டைகள் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த நிலாப் படமும் இல்லை. அது இருந்த இடத்தில் பெயின்ற் உரிந்து கிடந்தது. "பிள்ளை, போய்ப் படும்" என்றார் மாமி. என்னைப் பிள்ளை என்றுதான் அவர் கூப்பிடுவார். வேறு எந்தப் பிள்ளையைப் பற்றியும் பேச்சில்லை.

பத்து மாதம் அந்தத் தெருவில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு திரிந்தவள் நான். பஸ்ஸில் எனக்கு எழும்பி இடம் தந்தவர்கள், தமிழ்க்கடையில் புளி மாங்காய் தேடித் தந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த முழுப் பூசணிக்காயைத்தான் மாமி சோற்றுக்குள் மறைக்கப் பார்த்தார். மிட்வைஃப் வீட்டுக்கு வந்து என் தையலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், பக்கத்து வீட்டு அன்ரி பின்வளவு வேலிக்கு மேலால் எட்டி, ஆர் வந்தது என்று கேட்டார். "கவுன்சில் ஆள். பொயிலர் பாக்க வந்தவ" என்று மாமி சொன்னது மேல்மாடியில் கிடந்த எனக்குக் கேட்டது. மிட்வைஃப்புக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

இந்த நாட்டுச் சட்டம் என்னைப் பிள்ளை பெற்றவள் என்று ஒத்துக்கொண்டு பேறுகால லீவு தந்தது. என் உடம்பும் ஒத்துக்கொண்டது. யாரையும் கேட்காமல் பால் சுரந்து, கட்டிப்பட்டு, நெஞ்சு நெருப்பாக எரிந்தது. ஒத்துக்கொள்ளாதது எங்கள் குசினி மட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து என் அம்மா பத்தியக்கறிக்கு வேண்டிய சரக்குத்தூள் அனுப்பியிருந்தார். பேறு பார்க்க வருவதற்கு அவருக்கு விசா கிடைக்கவில்லை. வர முடியாத ஆற்றாமையை எல்லாம் சேர்த்து வறுத்து இடித்து, ஒரு பால்மா ரின் நிறைய அடைத்து, வருகிற ஆளிடம் கொடுத்துவிட்டார். பிள்ளை பிறக்கும்வரை அந்த ரின் குசினி மேல்தட்டில் காத்திருந்தது. பிறந்த பிறகும் காத்திருந்தது. எனக்கு வந்த சாப்பாடு பாணும் பருப்பும், கடையில் வாங்கின இடியப்பமும். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே போய்க் கேட்டேன்.

"மாமி, சரக்குக்கறி கொஞ்சம் வைப்பமோ? இடுப்பும் நாரியும் உளையுது. எழும்பி இருக்க ஏலாமல் கிடக்கு."

மாமி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "பிள்ளை, அது பிள்ளைப்பெத்தவைக்கு எல்லோ."

"அப்ப நான் ஆர்?"

"உமக்கு விளங்குதில்லை. உதைக் கொதிக்க வைச்சா நாலு வீட்டுக்கு மணக்கும். பக்கத்து வீட்டுக்காரி உடன பிள்ளை பாக்க வந்து நிப்பா. என்னத்தைக் காட்டுறது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள். அந்த மணம் எங்கள் சனத்துக்குத் தந்தி மாதிரி. மூக்கில் பட்டவுடன் யாருக்கோ பிள்ளை பிறந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். "வந்து கேட்டா, செத்துப் பிறந்தது எண்டு சொல்லுறதுதானே?" என்றேன். மாமி குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டார்.

நான் அதோடு அடங்கியிருப்பேன். என்னை அடங்கவிடாமல் செய்தது சாமியறை. வெள்ளிக்கிழமை பார்க்கிறேன், சாமிப் படங்களுக்குத் திரை இழுத்து மூடியிருக்கிறது, விளக்கு இல்லை. வெள்ளி தவறாமல் மனோர் பார்க்குக்குப் பஸ் ஏறுகிற மாமி, வீட்டுச் சட்டையோடு இருக்கிறார். கோவிலுக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"துடக்கு எல்லோ. முப்பத்தொண்டாம் நாள் கழியாமல் நாங்கள் ஒருத்தரும் போகேலாது."

எனக்குத் தலைக்குள் பத்திக்கொண்டு வந்தது. துடக்கு! செத்த வீட்டுத் துடக்கோ, பிறந்த வீட்டுத் துடக்கோ, ஒரு பிள்ளை பிறந்தபடியால்தானே? கோவிலுக்கு நான் பிள்ளை பெற்றவள், சட்டிக்குப் பிள்ளை பெறாதவளா? தீட்டு மட்டும் முழுதாக என் தலையில், பத்தியம் ஒரு கரண்டிகூட இல்லையா? இது எந்தச் சாத்திரத்தில் கிடக்கிறது என்று படியில் நின்று கத்தினேன். மாமி போய் ஜன்னலைச் சாத்தினார். அன்று பின்னேரம் பக்கத்து வீட்டு அன்ரி ஏன் கோவிலுக்கு வரவில்லை என்று கேட்டதற்கு, முழங்கால் நோ என்று சொல்லிவிட்டார். அவருடைய பொய் நோவுக்குச் சொல்ல ஒரு முழங்காலாவது இருந்தது. என் நோவுக்குச் சொல்ல ஒரு பெயரும் இல்லை.

அடுத்த கிழமை, இனி யாரையும் கேட்பதில்லை, நானே வைத்துச் சாப்பிடுகிறேன் என்று கதிரை போட்டு ஏறி மேல்தட்டைப் பார்த்தேன். ரின் இல்லை.

ஹவுன்ஸ்லோவில் இவருடைய மச்சாள் ஒருத்திக்கு ஆண் பிள்ளை பிறந்திருந்தது. மாமி ரின்னை அங்கே அனுப்பிவிட்டார். கொண்டுபோய்க் கொடுத்தவர் என் கணவர். ஹீத்ரோவில் வேலை, ஷிப்டுக்குப் போகிற வழியில் ஒரு எட்டு இறங்கி, துடக்கு என்றபடியால் வீட்டுக்குள் போகாமல் வாசலிலேயே நீட்டிவிட்டு வந்தாராம். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை என்பார்களே, அது இதுதான். என் அம்மா எனக்கென்று கை நோக இடித்த சரக்கை, நான் மணந்துகூடப் பார்க்காத சரக்கை, யாரோ ஒருத்தி சாப்பிட்டுத் தன் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள்.

"வீணாப் போகுதே எண்டுதான் பிள்ளை" என்றார் மாமி.

"எனக்கு வைச்சுத் தந்தா வீணோ?"

இவர் சோபாவில் இருந்தபடி, "விடுமன். தூள்தானே. வேற வாங்கலாம்" என்றார். அந்த 'விடுமன்' இன்றைக்கும் என் காதுக்குள் நிற்கிறது. அன்றிரவு அம்மா போனில், சரக்குக் காணுமா, இன்னும் இடித்து அனுப்பவா என்று கேட்டார். காணும் அம்மா, போதும் என்றேன். வேறு என்ன சொல்ல? உன் மகளைப் பிள்ளை பெற்றவளாக இங்கே ஒருவரும் எடுக்கவில்லை என்று அவரிடம் சொன்னால், அந்த மனுசி அங்கே தனியாக இருந்து என்ன செய்யும்?

இந்தக் கோபத்தோடுதான் அந்தப் புதன்கிழமை நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டேன். மாமி குளிக்கப் போன நேரம் பார்த்துச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கோவிலுக்குள் போகிற எண்ணம் இல்லை. துடக்குக்காரி வெளியே றோட்டில் நிற்பதற்கு எவரும் தடை சொல்ல முடியாது. றோட்டில் நின்றே முருகனிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவது என்பதுதான் திட்டம். அப்படிப் போகிற வழியில்தான் அந்தப் பலகையைக் கண்டேன்.

உள்ளே போனேன். மதியச் சாப்பாட்டு நேரம், மேசைகள் நிறைய ஆம்பிளைகள். மினிகாப் ஓடுகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள். எல்லோருக்கும் முன்னால் சிவப்பரிசிச் சோறும் பத்தியக்கறியும். ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தடிமனுக்கு உதைப்போல மருந்து இல்லை" என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தடிமனுக்காம். மூக்கு அடைத்த ஆம்பிளைக்குக் கிடைக்கிற கறி எனக்குக் கிடைக்கவில்லை. நான் அவருடைய சோற்றுக் கோப்பையை எட்டிப் பார்த்தேன். கறிக்கு மேலே சிவப்பாக எண்ணெய் மிதந்தது.

"உதுக்குள்ள ஆர் மிளகாய்த்தூள் போட்டது?"

சத்தம் கூடிவிட்டது போல. காசாளர் மேசையில் நின்ற மனிதர், "என்ன அக்கா?" என்றார்.

"பத்தியக்கறிக்கு மிளகாய்த்தூள் போடுறதோ? பேரை வைச்சுக் கொண்டு என்ன விளையாட்டு உது?"

குசினிக்குள்ளிருந்து ஒரு பெண் ஏப்ரனில் கை துடைத்தபடி வந்தார். என்னை விடக் கொஞ்சம் மூத்தவர். சண்டைக்கு ஆயத்தமாகவே வந்தார். "எரிப்பு இல்லாட்டி இவை வாயில வைக்கமாட்டினம். நான் என்ன செய்யிறது? உங்களுக்குத் தூள் இல்லாமல் வேணுமெண்டா இருங்கோ, புதுசா வைச்சுத் தாறன்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஆருக்கு, தங்கச்சி? பிள்ளைப்பெத்தவைக்கோ?"

"ஓம். எனக்குத்தான்."

"உங்களுக்கோ? ஏன் எழும்பி வந்தனீங்கள், வீட்டில ஆக்கள் இல்லையோ? என்ன பிள்ளை?"

என்ன பிள்ளை. பெற்று இத்தனை நாளாக ஒரு தமிழ் வாயிலிருந்து அந்தக் கேள்வி வரவில்லை.

"பொம்பிளைப் பிள்ளை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. "செத்துப் பிறந்தது."

தடிமன்காரர் வாயில் வைத்த சோற்றை விழுங்காமல் என்னைப் பார்த்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார். அந்தப் பெண் ஐயோ என்று சொல்லவில்லை. "வயித்தை வெட்டினவையோ, தன்பாட்டில பிறந்ததோ?" என்று கேட்டார்.

"தன்பாட்டில. தையல் இருக்கு."

"அப்ப கத்தரிக்காய் வேண்டாம், கிரந்தி, தையல் புண் ஆற விடாது. பால் நிண்டிட்டுதோ?"

"இல்லை."

"சுறாவும் வேண்டாம், பால் கூட்டும். வேற சின்ன மீன் போட்டு வைக்கிறன், இருங்கோ." உள்ளே திரும்பப் போனவர், போகிற போக்கில் சொன்னார்: "யோசியாதேங்கோ தங்கச்சி. கெதியில அடுத்தது கிடைக்கும்."

அதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தார், பாவம். "நான் அடுத்ததைக் கேக்கேல்லை" என்று கத்தினேன். "கறியைக் கேட்டனான்." அவர் போய் அடுப்பைப் பற்ற வைத்தார். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கறி வெந்து முடியும்வரை ஒரு கதிரையில் இருந்தேன். அந்த மணம் எழும்பியபோது, இத்தனை பேருக்கு நடுவில் அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். அழவும் இல்லை. முருகனிடம் கேட்க வைத்திருந்த கேள்விகளை அப்படியே விட்டுவிட்டு, சூடான பார்சலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி வேறு இருக்கைக்கு மாறிப் போனாள். போகட்டும். அந்த மணம் பஸ் முழுக்கப் போகட்டும், பிளேஸ்டோ முழுக்கப் போகட்டும் என்று மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன்.

இவர் காலை ஷிப்ட் முடிந்து வந்து, யூனிஃபோமோடு குசினி மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மாமி கை கழுவும் தொட்டியடியில் நின்றார். பார்சலை நான் பிரிக்கும் முன்பே மாமிக்கு மணம் பிடிபட்டுவிட்டது.

"உது எங்கால?"

"கடையால."

"கடையாலயோ? ஆருக்கெண்டு கேட்டவையோ? அங்க தெரிஞ்ச ஆக்கள் ஆரும் நிண்டவையோ?"

"கேட்டவை. எனக்கு எண்டு சொன்னனான். பொம்பிளைப் பிள்ளை, செத்துப் பிறந்தது எண்டும் சொன்னனான். கடை நிறையச் சனம். எல்லாருக்கும் வடிவாக் கேட்டிருக்கும்."

மாமி "முருகா" என்று முணுமுணுத்துவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். குழாயைத் திறந்துவிட்டு, கழுவி வைத்த பாத்திரங்களையே திரும்பக் கழுவத் தொடங்கினார். நான் பின்வளவுக் கதவை அகலத் திறந்து வைத்தேன். அன்ரிக்கும் மணக்கட்டும். பிறகு கோப்பையில் சோற்றைப் போட்டு, கறியை முழுவதும் ஊற்றி, இவருக்கு எதிரே இருந்து சாப்பிட்டேன். சீரகம் கூடிவிட்டிருந்தது. மீன் ஐஸ் மீன். என் அம்மாவின் கறிக்குக் கிட்டவும் வராது. ஆனாலும் முதல் கவளம் உள்ளே இறங்கியபோது வயிற்றுக்குள் யாரோ கை வைத்துத் தடவியது போல இருந்தது. நல்லாயிருந்தது. இவ்வளவு நல்லாயிருக்கிற ஒன்றைத்தான் எனக்குத் தராமல் வைத்திருந்தார்கள் என்று நினைக்க, கோபம் இன்னும் கூடியது. கோபத்தோடேயே முள் எடுத்து, கோபத்தோடேயே பிசைந்து சாப்பிட்டேன்.

இவர் தேத்தண்ணியை விட்டுவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"ஆரைப்போல இருந்தவ?"

எனக்கு விளங்கியது. விளங்காதது போல இருக்க முடியவில்லை. "வந்து பாத்திருக்கலாமே" என்றேன். இத்தனை நாளாக அவருக்கென்று கூராக்கி வைத்திருந்த சொல் அது. அவர் தடுக்கவில்லை. "ஓம். பாத்திருக்கலாம்" என்றார். குனிந்து, யூனிஃபோமின் கைப்பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். "ஆரைப்போல எண்டு சொல்லுமன்."

குழாய்ச் சத்தம் நின்றிருந்தது.

"உங்கட அம்மாவைப் போல" என்றேன். "நெத்தி, மூக்கு, நாடி எல்லாம். அச்சொட்டு."

அது உண்மை. கம்பளித் தொப்பிக்குக் கீழே நான் கண்டது அந்த முகம்தான். ஒவ்வொரு நாள் காலையும் தேத்தண்ணியோடு என் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, மறந்திடும், பிள்ளை என்று எனக்குச் சொன்னதும் அதே முகம்தான். அதை நான் அதுவரை யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

மாமி திரும்பவில்லை. ஈரக் கையைத் தூக்கித் தன் மூக்கை, பிறகு நாடியை, மெல்லத் தொட்டுப் பார்த்தார்.